போலிச் சரக்கும் போலி மதிப்பும்

போலிச் சரக்கு விற்கிறவனை வையாதவர்கள் நம் நாட்டில் இல்லை. டீக்கடையில் இரண்டு பேர் கூடினால் எண்ணெய் எண்ணெயல்ல, பட்டு பட்டல்ல, தங்கம் தங்கமல்ல, மருந்து மருந்தல்ல என்றுதான் பேச்சு. பேசி முடித்தவுடன் அதே இரண்டு பேரும் எழுந்து போய், அதே கடையில் அதே சாமானை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். போலி விற்கிறவன் அயோக்கியன் என்பதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. அவனைச் சட்டப்படி தண்டிக்க வேண்டும் என்பதிலும் ஆட்சேபணை இல்லை. ஆனால் அந்த அயோக்கியனுடைய தொழிலுக்கு நாள்தோறும் முதல் போட்டுக் கொடுக்கிறவர்கள் யார் என்பதுதான் இன்று நாம் கேட்க வந்த கேள்வி. இதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் தர்மபுரி ஜில்லாவின் வெல்லத்தை எடுத்துக்கொண்டாலே போதும்.

பாலக்கோடு, கடத்தூர், அரூர் பக்கங்களில் கரும்பு விளைகிறது. பாலக்கோட்டிலும், அரூரை அடுத்த கோபாலபுரத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. அவற்றுக்குப் போகாத கரும்பு கிராமத்துக் கொட்டகைகளில் பிழியப்பட்டு, கொப்பரையில் காய்ச்சப்பட்டு வெல்லமாகிறது. பொங்கலுக்கு முந்தின வாரங்களில் இந்தக் கொட்டகைகளில் இரவும் பகலும் அடுப்பு அணைவதில்லை.

இப்படிப்பட்ட நாளில் ஒரு சந்தைக்கு நாம் போயிருந்தோம். ஒரு கடையில் இரண்டு குவியல் வெல்லம் இருந்தது. ஒன்று நல்ல வெளுப்பு, எலுமிச்சம்பழ நிறம், உடைத்தால் கல் மாதிரி. மற்றொன்று பழுப்பும் கறுப்புமாய், கையில் சற்று ஒட்டுவதாய் இருந்தது. வந்த பேரில் பெரும்பாலோர் முதல் குவியலிலேயே கை வைத்தார்கள். ஒரு அம்மாள் கறுத்த வெல்லத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இதைப் போட்டா பொங்கலு கறுப்பா வருமேண்ணா, வெள்ளையா இருக்கறதே குடுங்க” என்று வாங்கிக்கொண்டு போனார். கூட்டம் குறைந்த பிறகு கடைக்காரரிடம், எது நல்ல வெல்லம் என்று கேட்டோம். அவர் கொஞ்சமும் கூச்சமில்லாமல் கறுத்த குவியலைக் காட்டினார். “எங்க வீட்டுக்கு இதுதானுங்க. ஆனா இத வெச்சா ஜனங்க திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கறாங்க. நான் என்னங்கய்யா பண்றது?” என்றார்.

இந்தப் பதிலில் கொஞ்சம் வியாபாரத் தந்திரம் இருக்கலாம். ஆனால் அதில் உள்ள உண்மையை மறுக்க முடியாது. கரும்புச் சாற்றில் சிறிது சுண்ணாம்பு சேர்த்து, பொங்கி வரும் அழுக்கை எடுத்துவிட்டுக் காய்ச்சினால் வெல்லம் இயற்கையாகப் பழுப்பாகத்தான் வரும். கரும்பின் ரகத்தையும் மண்ணையும் தண்ணீரையும் பொறுத்து நிறம் ஏறும் குறையும். அதை எலுமிச்சை நிறமாக்க வேண்டுமானால் அதற்கென்று ஒரு சரக்குப் போட்டாக வேண்டும். சோடியம் ஹைட்ரோசல்பைட் என்ற வெளுப்புப் பொடிக்கு ஆலைக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் ஹைட்ரோஸ். அதைப் பாகில் போட்டவுடன் நிறம் வெளுக்கிறது. அந்த வெளுப்பும் நிலைப்பதில்லை. சில வாரங்கள் வைத்திருந்தால் மறுபடியும் கறுக்கிறது. அதற்குள் சரக்கு விற்றுத் தீர்ந்துவிடும் என்பதுதான் கணக்கு. வெல்லத்திலே தங்கிவிடும் கந்தகச் சத்து ஆஸ்துமாக்காரர்களுக்கு மூச்சுத் திணறலை உண்டாக்கக்கூடியது. இதற்கெல்லாம் ஈடாக அந்தப் பொடி நமக்குக் கொடுத்த லாபம் என்ன? ருசியா? சத்தா? ஒன்றுமில்லை, கண்ணுக்கு வெளுப்பு, அவ்வளவே.

இது ஒரு பக்கம். மற்றொரு பக்கம் அஸ்கா. வெல்லத்தின் விலையைவிடச் சர்க்கரை விலை மலிவாகும் காலத்தில், மூட்டை மூட்டையாக அஸ்காவைக் கொப்பரையில் கொட்டி வெல்லமென்று அச்சுப் போடுகிறார்கள். வெல்லமும் கெட்டியாகிறது, வெளுப்பும் வருகிறது, எடையும் கூடுகிறது. இதில் விசேஷம் என்னவென்றால், இதைப் பரிசோதனைச் சாலையில் கண்டுபிடிப்பது எளிதல்ல என்பதாகும். ஏனென்றால் வெல்லத்திலே பெரும்பகுதி சுக்ரோஸ் என்னும் சர்க்கரைச் சத்து. அஸ்காவும் அதே சுக்ரோஸ். ஆகவே உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் ஆலைக்கே போய் மூட்டையோடு கையும் களவுமாகப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

இதனால் முதலில் கெட்டுப்போகிறவன் கரும்பு போட்ட குடியானவன். பத்து வண்டி கரும்பு வாங்க வேண்டிய ஆலைக்காரன் பாதி வண்டி வாங்கிக்கொண்டு மீதிக்கு மூட்டையைப் பிரித்தால், மிச்சக் கரும்பை அவன் என்ன செய்வான்? அடுத்தபடியாகக் கெட்டுப்போகிறவன் யோக்கியமாக வெல்லம் காய்ச்சுகிறவன். கரும்புக்கும் விறகுக்கும் கூலிக்கும் முழுப்பணம் கொடுத்துக் காய்ச்சிய அவனுடைய சிப்பம், நிறம் மட்டு என்று சொல்லி மண்டியில் குறைந்த விலைக்குக் கேட்கப்படுகிறது. பொய் காய்ச்சினவன் சிப்பம் அதிக விலைக்குப் போகிறது. இரண்டு வருஷம் இப்படி நஷ்டப்பட்டால் மூன்றாம் வருஷம் யோக்கியன் ஒன்று தொழிலை விட வேண்டும். இல்லாவிட்டால் அவனும் ஹைட்ரோஸ் டப்பாவைத் திறக்க வேண்டும். வேறு வழி ஏது?

இது நம் ஜில்லாவின் தலையெழுத்து என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அமெரிக்கப் பொருளாதார நிபுணர் ஜார்ஜ் ஆகர்லாப் என்பவர் 1970ம் வருஷத்தில் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதற்காகவே பிற்பாடு 2001ல் அவருக்கு வேறு இருவரோடு நோபெல் பரிசும் கிடைத்தது. பழைய மோட்டார் வண்டிகளின் சந்தையை வைத்து அவர் விளக்கிய விஷயம் சுருக்கமாக இதுதான்: விற்கிறவனுக்குச் சரக்கின் தரம் தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியாது என்றிருக்கும் சந்தையில், நல்ல சரக்குக்கும் கெட்ட சரக்குக்கும் ஒரே விலைதான் கிடைக்கும். ஆகவே நல்ல சரக்கு வைத்திருப்பவன் சந்தையை விட்டுப் போய்விடுவான், கெட்டதே மிஞ்சும். இந்தியாவிலும் சிலகாலம் இருந்து பார்த்த அவர், கடைத்தெரு அரிசியில் வேண்டுமென்றே கலக்கப்பட்ட கல்லை உட்கார்ந்து பொறுக்கும் நம் வீட்டுப் பெண்களையும் அதே கட்டுரையில் குறிப்பிட்டிருக்கிறார். நம் வெல்லச் சந்தை அவர் சொன்னதையும் ஒரு படி தாண்டிவிட்டது. அங்கே நல்லதற்கும் கெட்டதற்கும் ஒரே விலை. இங்கேயோ கெட்டதற்கு அதிக விலை! அங்கே வாங்குகிறவனுக்கு அடையாளம் தெரியாது. இங்கே அடையாளத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

நிற்க. போலிச் சரக்கு வாங்குகிறவர்களில் இரண்டு வகை உண்டு. ஏமாந்து வாங்குகிறவர்கள் ஒரு வகை. போலி என்று தெரிந்தே வாங்குகிறவர்கள் மற்றொரு வகை. வெல்லம் வாங்கின அம்மாள் முதல் வகை. அவரிடம் நமக்குக் கோபமில்லை. அவருக்குச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை. நாம் இரண்டாவது வகையாரோடுதான் கொஞ்சம் வாதாட வேண்டியிருக்கிறது.

கல்யாணத்துக்கு ஜவுளி எடுப்பதைப் பாருங்கள். தர்மபுரி நகரத்தில் சர்க்காரின் பட்டுக்கூடு ஏல அங்காடி இருக்கிறது. மல்பெரி பயிரிட்டு, ராத்திரியெல்லாம் கண்விழித்துப் புழுவுக்குத் தழை போட்டு வளர்த்த குடியானவர்கள் கூட்டைக் கூடையில் கொண்டுவந்து ஏலத்துக்கு வைக்கிறார்கள். ஒரு பட்டுச் சேலைக்கு ஆயிரக்கணக்கான கூடுகள் வேண்டும். பிறகு நூற்க வேண்டும், முறுக்க வேண்டும், சாயம் போட வேண்டும், நெய்ய வேண்டும். இதையெல்லாம் பக்கத்திலேயே பார்த்துக்கொண்டிருக்கும் நம் ஜில்லாக்காரர்களுக்கு, எண்ணூறு ரூபாய்க்குப் பட்டுச் சேலை கிடைக்காது என்பது தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்துதான் வாங்குகிறார்கள். வாங்கி வந்து, “அசல் பட்டு, எட்டாயிரம்” என்று பந்தலில் சொல்லுகிறார்கள். கேட்கிறவளுக்கும் அது எட்டாயிரமல்ல என்று தெரியும். அவள் கட்டியிருப்பதும் அதே கடைச் சரக்கு. இப்படி ஒருவரையொருவர் ஏமாற்றுவதாக நினைத்துக்கொண்டு ஒருவரும் ஏமாறாமல் எல்லோரும் பணத்தைப் பாழாக்கும் நாடகத்துக்குத்தான் கௌரவம் என்று பெயர்!

வாலிபர்களும் இதற்குச் சளைத்தவர்களல்ல. அயல்நாட்டுக் கம்பெனியின் முத்திரை குத்திய சட்டை முந்நூறு ரூபாய்க்கு, கைக்கடிகாரம் ஐந்நூறு ரூபாய்க்கு என்று நடைபாதையில் விற்கிறது. வாங்கும் வாலிபனுக்கு அது அசலல்ல என்று தெரியும். கிராஸ்மன், ஷாபிரோ என்ற இரண்டு நிபுணர்கள் 1988ல் இவ்வகைச் சரக்கைப் பற்றி ஆராய்ந்து, இதிலே ஏமாறுகிறவன் வாங்குகிறவன் அல்ல, அதைப் பார்க்கிறவனே என்று எடுத்துக்காட்டினார்கள். அதாவது அவன் வாங்குவது சட்டையை அல்ல, பார்க்கிறவன் மதிப்பை. அந்தச் சட்டையைத் திருப்பூரில் உட்கார்ந்து தைத்தவன் நம் அரூரிலிருந்தோ பென்னாகரத்திலிருந்தோ பிழைக்கப் போன பையனாகவே இருக்கலாம். முத்திரையில்லாமல் அவன் தைத்த சட்டை நன்றாயிருந்தாலும் அதற்கு மதிப்பில்லை. மட்டமான துணியானாலும் முத்திரைக்கு மதிப்பு. துணியைப் பார்க்காமல் முத்திரையைப் பார்க்கிற இந்தப் புத்திதான் உலகம் முழுவதும் போலி வியாபாரத்துக்கு ஆணிவேர். 2019ம் வருஷத்தில் உலக நாடுகளுக்கிடையே நடந்த வியாபாரத்தில் 2.5 சதவீதம் வரையில் போலிச் சரக்காயிருக்கலாம் என்று பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பு என்ற சர்வதேச ஸ்தாபனம் கணக்குப் போட்டிருக்கிறது.

“ஏழை என்ன செய்வான்? அசலை வாங்க அவனிடம் பணமேது?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கு நாம் சொல்லும் பதில், மலிவு வேறு, போலி வேறு என்பதே. பருத்திச் சேலையைப் பருத்திச் சேலை என்று சொல்லி வாங்கிக் கட்டுவதில் என்ன அவமானம்? செயற்கை நூல் சேலையை அதே பெயரில் குறைந்த விலைக்கு வாங்குவதில் என்ன குற்றம்? குற்றமெல்லாம் அதைப் பட்டு என்று சொல்லி விற்பதிலும், பட்டு என்று சொல்லிக் கட்டுவதிலுமே இருக்கிறது. அன்றியும், போலியால் அதிகமாய் அடிபடுகிறவன் ஏழையே ஆவான். பணக்காரனுடைய போலிக் கடிகாரம் நின்றுபோனால் வேறு வாங்கிக்கொள்ளுவான். போலி விதையை நம்பி ஒரு போகத்தை இழந்த மானாவாரிக் குடியானவன் அடுத்த மழை வரையில் எதைச் சாப்பிடுவான்?

மருந்து விஷயத்தில் இந்தப் பைத்தியக்காரத்தனம் இன்னும் பச்சையாய்த் தெரிகிறது. சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்கிக் கொடுப்பதற்காக 1994ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஏற்பட்டது. வாங்கும் மருந்தின் மாதிரிகளைப் பரிசோதனைக்கு அனுப்பிய பிறகே அது ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுக்கிறது. ஆனால் அந்த மாத்திரை இலவசம் என்பதாலும், அட்டையில் பிரபலமான பெயர் இல்லை என்பதாலும், அதை வாங்கி வாசலிலேயே எறிந்துவிட்டுக் கடைக்குப் போகிறவர்கள் உண்டு. பெயர் வேறானாலும் உள்ளே இருக்கும் மருந்து அதுவேதான் என்று சொன்னால் நம்புவதில்லை. அதே மனிதர், பில் இல்லாமல் யாரோ கொடுக்கும் பெரிய கம்பெனிப் பெயர் போட்ட அட்டையைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குகிறார். முன்னது பெயரில்லாத நிஜம். பின்னது நிஜமில்லாத பெயராக இருக்கக்கூடும். நாம் எதை நம்புகிறோம்?

இவ்வளவு சொன்னதால் சர்க்காருக்கும் வியாபாரிக்கும் நாம் வக்காலத்து வாங்குவதாக யாரும் நினைக்க வேண்டாம். எல்லாப் பழியையும் வாங்குகிறவன் தலையில் கட்டிவிட்டுச் சும்மா இருப்பது பெரிய புரட்டாகும். சட்டங்களுக்குக் குறைவில்லை. 1999ம் வருஷத்து வியாபார முத்திரைச் சட்டப்படி போலி முத்திரை போட்டவனுக்கு 6 மாதம் முதல் 3 வருஷம் வரை ஜெயிலும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. 2006ம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி தரம் குறைந்த உணவுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தண்டம் போடலாம். ஏடு நிறையச் சட்டம் இருந்து என்ன பிரயோஜனம்? பொங்கலுக்கு முந்தின வாரத்தில் மட்டும் சோதனை, மற்ற நாளெல்லாம் தூக்கம் என்றால், ஆலைக்காரன் அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் மூட்டையை ஒளித்து வைக்கக் கற்றுக்கொள்ளுவான். மண்டியிலும் சந்தையிலும் வருஷம் முழுவதும் மாதிரி எடுக்க வேண்டும். பிடிபட்டவர்கள் யார் என்பதை ஊரறியச் சொல்ல வேண்டும். யோக்கியமாய்க் காய்ச்சுகிறவனுக்கு அவன் யோக்கியன் என்று காட்டிக்கொள்ள ஒரு வழி செய்து கொடுக்க வேண்டும். இவை சர்க்காரின் கடமை. கடமையைச் செய்யாவிட்டால் நாம் கேட்க வேண்டும்.

ஆனால் சர்க்கார் வந்து காப்பாற்றும் வரையில் நம் கை என்ன செய்கிறது? சோதித்துப் பார்ப்பதற்குச் சாஸ்திரிகளும் வேண்டாம், நிபுணர்களும் வேண்டாம். சேலையின் ஓரத்தில் பாவிலிருந்து ஒரு நூலும் ஊடையிலிருந்து ஒரு நூலும் உருவி நெருப்பில் காட்டுங்கள். பட்டானால் தலைமயிர் கருகும் நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடியாகும். பாலியெஸ்டரானால் உருகி, ஆறியபின் மணிபோல் கெட்டியாய் நிற்கும். செயற்கைப் பட்டு என்னும் ரேயானானால் காகிதம் எரிவது போல எரியும். ஒரு நூல் மட்டும் பார்த்தால் போதாது. பாவில் பட்டும் ஊடையில் வேறும் வைத்து நெய்வதுண்டு. மத்திய பட்டு வாரியத்தின் ஆதரவில் 2004 முதல் சில்க் மார்க் என்ற முத்திரையும் இருக்கிறது. தங்கத்துக்கு 2021 முதல் படிப்படியாக ஹால்மார்க் கட்டாயமாக்கப்பட்டு, 2023 ஏப்ரல் முதல் நகைக்கு நகை தனியான 6 இலக்க அடையாள எண்ணும் பொறிக்கப்பட வேண்டும் என்றாகிவிட்டது. அந்த எண்ணைப் பி.ஐ.எஸ். கேர் என்ற செல்போன் செயலியில் போட்டால் விவரம் தெரியும். எதை வாங்கினாலும் பில் கேளுங்கள். பில் கேட்டால் கடைக்காரர் முகம் சுளிப்பாரே என்று கூச்சப்படுகிறவர்கள் உண்டு. பணம் கொடுக்கிறவன் கூச்சப்பட்டு, வாங்குகிறவன் முகம் சுளிப்பதா? இதைவிட மானங்கெட்ட காரியம் வேறென்ன?

வெல்லத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். வெளுத்தது கெட்டது, கறுத்தது நல்லது என்று நாம் சொன்னதாக எடுத்துக்கொண்டு, நாளை முதல் எல்லோரும் கறுப்பைத் தேட ஆரம்பித்தால் நாம் தோற்றவர்களாவோம். நீங்கள் கறுப்பைக் கும்பிடத் தொடங்கிவிட்டீர்கள் என்று தெரிந்தால் போலிக்காரன் கறுப்புச் சாயம் போடுவான். அவனுக்கு வெளுப்பென்ன, கறுப்பென்ன! ஒரு நிறத்தை விட்டு இன்னொரு நிறத்தை நம்புவது அறிவாகாது. எங்கே காய்ச்சியது, யார் காய்ச்சியது, என்ன போட்டது என்று கேட்பதே அறிவு. கொட்டகை நம் ஊர்களிலேதானே இருக்கிறது? பத்து வீட்டார் சேர்ந்து, கண்முன்னே காய்ச்சச் சொல்லி ஒரு சிப்பம் வாங்கிப் பங்கிட்டுக்கொண்டால் தரகும் மிச்சம், பயமும் மிச்சம். காய்ச்சுகிறவனுக்கும் நியாயமான விலை கிடைக்கும். நிறம் மட்டு என்று மண்டியில் அவன் தலைகுனிய வேண்டியதில்லை.

நம் வீட்டுப் பெண்கள் முறத்தை எடுத்து அரிசியில் கல் பார்க்காமல் உலையில் போடுவதில்லை. அந்த அளவு ஜாக்கிரதையை ஒவ்வொரு சரக்கிலும் காட்டுங்கள் என்றுதான் நாம் கேட்டுக்கொள்ளுகிறோம். அதைவிட முக்கியமாக, மனிதனை அவன் சட்டையின் முத்திரையைக் கொண்டும், பெண்ணை அவள் சேலையின் ஜரிகையைக் கொண்டும் அளப்பதை விட்டுவிடுங்கள். அந்த அளவுகோல் நம் கையில் இருக்கும் வரையில் போலிச் சரக்குக்கு ஆயிரம் சட்டம் போட்டாலும் அது ஒழியாது. ஏனென்றால் போலிச் சரக்கு பிறப்பது ஆலையில் அல்ல; நம்முடைய போலி மதிப்பில். இந்தப் பொங்கலுக்காவது ஒரு வீட்டில் பொங்கல் கறுப்பாய் வரட்டும். வந்த விருந்தாளி ஏனென்று கேட்கட்டும். வீட்டுக்காரர் தலைநிமிர்ந்து காரணத்தைச் சொல்லட்டும். அந்த ஒரு வீட்டிலிருந்து நம் ஜில்லாவின் வெல்லம் சீர்ப்படத் தொடங்கும் என்பதே நமது அபிப்பிராயம்.